ஒன்றரை மில்லிமீட்டர் வரலாறு

1999-ல், ஜப்பானின் கியூஷு தீவுக்குத் தென்மேற்கே கடலடியில் கிடக்கும் யமாத்தோ போர்க்கப்பலை ஆராய ஒரு குழு நீர்மூழ்கிக் கலத்தை இறக்கியது. அந்தக் கப்பலின் முகப்பில் ஜப்பானியப் பேரரசின் செவ்வந்திப் பூச் சின்னம் பதித்திருந்தார்கள். அதன் குறுக்களவு ஒன்றரை மீட்டர் என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். கடலடியில் கிடைத்த படங்களை வைத்துக் கணக்குப் போட்டதில் ஒரு மீட்டர்தான் தேறியது.

263 மீட்டர் நீளமுள்ள கப்பலில் அரை மீட்டர் வித்தியாசத்தை யார் கண்டுகொள்ளப் போகிறார்கள் என்று தோன்றலாம். கண்டுகொள்ள ஒரு கூட்டம் இருந்தது. யமாத்தோவை 1:350 அளவில் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தவர்கள் அவர்கள். அந்த அளவில் பூவின் குறுக்களவு 4.3 மில்லிமீட்டரிலிருந்து 2.9 மில்லிமீட்டராகச் சுருங்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான அந்தத் தவறைத் தாங்க முடியாமல், முடித்து வைத்த கப்பலின் மூக்கைச் சுரண்டித் திரும்பச் செய்வதுதான் இவர்கள் சுபாவம்.

யமாத்தோவின் வரைபடங்களில் பெரும்பகுதியை இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜப்பானியக் கடற்படையே எரித்துவிட்டது. கப்பலோ 1945 ஏப்ரல் 7 அன்று 3,000-க்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கிப்போனது. மிஞ்சியவை கொஞ்சம் புகைப்படங்கள், உயிர் தப்பியவர்களின் நினைவு, சிதறிய குறிப்புகள். உலகிலேயே மிகப் பெரிய பீரங்கிகளைச் சுமந்த போர்க்கப்பல் எப்படி இருந்தது என்பதை இவற்றைக் கொண்டு துண்டு துண்டாகத்தான் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. அந்த மீட்பில் மாடல் செய்பவர்களின் பங்கு பெரியது. கப்பல் கட்டப்பட்ட குரே நகரிலேயே 2005-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் நடுவில் இருப்பதும் ஒரு மாடல்தான். 1:10 அளவு, 26.3 மீட்டர் நீளம்.

ஸ்கேல் மாடல் என்றால் நம் ஊரில் பலருக்கும் பிள்ளைகள் பொம்மை ஒட்டுவதுதான் நினைவுக்கு வரும். பெட்டியைப் பிரித்து, சட்டத்திலிருந்து பிளாஸ்டிக் துண்டுகளை நறுக்கி, ஒட்டி, பெயின்ட் அடித்தால் ஒரு விமானமோ டாங்கியோ கப்பலோ உருவாகிவிடும். அதுவரை பொம்மைதான். பெயின்ட் டப்பாவைத் திறக்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. எந்த வருஷத்து நிறம்? எந்தப் படைப்பிரிவு? ஏணி இடப்பக்கமா, வலப்பக்கமா? சக்கரத்தில் ஒட்டியிருந்தது துனிசியாவின் புழுதியா, ரஷ்யாவின் சேறா? வரலாற்று நூல் எழுதுகிறவர் “கப்பலுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள்” என்று ஒரு வரியில் கடந்து போய்விடலாம். மாடல் செய்கிறவர் ஏதாவது ஒரு டப்பாவுக்குள் தூரிகையை விட்டே ஆக வேண்டும். இந்தக் கட்டாயம் இருப்பதால்தான் இந்தப் பொழுதுபோக்கை நான் வரலாற்றுப் படிப்பு என்று சொல்கிறேன்.

பேட்டரி தந்த அளவு

இந்தத் தொழிலுக்குத் தலைநகரம் என்று ஒன்று உண்டென்றால் அது ஜப்பானின் ஷிசுவோகா. கோயில் கட்ட வந்த மரத்தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்ட ஊர். 1946-ல் யோஷியோ தமியா என்பவர் அங்கே மரம் அறுக்கும் தொழிலைத் தொடங்கினார். 1951-ல் தீப்பிடித்துக் கிடங்கு போனது. கையில் பெரிய முதல் இல்லை. சிறிய மரத்துண்டுகளைக் கொண்டு செய்யும் மாடல்களே அவருக்குப் பிழைப்பாயின. ஐம்பதுகளின் கடைசியில் அமெரிக்க பிளாஸ்டிக் கிட்கள் வந்து குவிந்ததும் மரக் கப்பலைச் சீண்ட ஆளில்லை. வேறு வழியில்லாமல் 1960-ல் தமியாவும் பிளாஸ்டிக்குக்கு மாறியது. முதலில் எடுத்ததும் யமாத்தோதான். போட்டி நிறுவனம் ஒன்று அதே கப்பலை இன்னும் மலிவாக விற்றதால் அந்த முயற்சியில் கை சுட்டது.

அடுத்து வந்த ஜெர்மன் பாந்தர் டாங்கி நிறுவனத்தை நிமிர்த்தியது. யோஷியோவின் மகன் ஷுன்சாகு, பெட்டி மேல் போடும் படத்துக்கு அந்நாளில் பெயர் பெற்ற ஓவியர் ஷிகேரு கொமாத்சுசாகியை அணுகினார். டாங்கி ஓட வேண்டும் என்பதால் உள்ளே ஒரு மோட்டாரும் இரண்டு பேட்டரிகளும் அடங்க வேண்டும். அவை அடங்கும்படி உடலை வரைந்த பிறகு கணக்குப் பார்த்தால் அளவு ஏறத்தாழ 1:35 என்று வந்தது. இன்று எந்த நாட்டில் எந்தக் கம்பெனி ராணுவ வாகனம் செய்தாலும் 1:35 தான் முதல் தேர்வு. உலகம் முழுக்கப் பரவிய அளவுகோல் ஒன்று பேட்டரி சைஸிலிருந்து பிறந்திருக்கிறது!

ஷுன்சாகு தமியாவை நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. அறுபதுகளில் டாங்கிகளின் நம்பகமான அளவுகள் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அவர் கேமராவும் அளவு நாடாவுமாகக் கிளம்பிவிட்டார். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் அபெர்டீன் ராணுவச் சோதனைக் களத்தில், போரில் பிடிபட்ட டாங்கிகள் திறந்தவெளியில் துருப்பிடித்து நின்றன. அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து போல்ட் போல்ட்டாகப் படமெடுத்தார். இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்துக்கும் போனார். கார் மாடலுக்கும் இதே கதைதான். 1:12 அளவில் போர்ஷே 934 செய்வதற்காக நிஜமான போர்ஷே 911 ஒன்றையே விலை கொடுத்து வாங்கிப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். அந்த மாடல் 1976-ல் வந்தது. விளையாட்டுச் சாமான் விற்கும் ஒருவர் இத்தனை பாடுபட வேண்டிய அவசியமே இல்லை. வாங்குகிறவர்கள் அளந்து பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே ஊரில் 1971-ல் இன்னொன்றும் நடந்தது. தமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி என்று நான்கு கம்பெனிகள் உட்கார்ந்து பேசி, ஜப்பானியக் கடற்படையின் கப்பல்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. எல்லாம் 1:700 அளவு. நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் பாகம் மட்டும். கடலில் நிற்பதுபோல மேசைமேல் வைக்கலாம். ஒருவர் செய்த கப்பலை இன்னொருவர் செய்வதில்லை என்பது ஒப்பந்தம். ஒரே கப்பலுக்காக அடித்துக்கொண்டிருந்தால் பிரபலமான நாலைந்து கப்பல்கள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். பங்கு போட்டதால் பெயர் தெரியாத சின்ன நாசகாரிக் கப்பலுக்கும் ஒரு பெட்டி கிடைத்தது.

பிரிட்டனின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1936-ல் ஃபிராக் நிறுவனம் பென்குயின் என்ற வரிசையில் பிளாஸ்டிக் விமானக் கிட்களைக் கொண்டுவந்தது. பறக்காது என்பதால் அந்தப் பெயர். 1939-ல் ஹங்கேரியரான நிக்கோலஸ் கோவ் லண்டனில் ஏர்ஃபிக்ஸைத் தொடங்கினார். காற்றடைத்த ரப்பர் பொம்மை, சீப்பு என்று விற்ற கம்பெனி அது. 1952-ல் ஆங்கிலக் கடலோடி டிரேக்கின் கோல்டன் ஹைண்ட் கப்பலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வுல்வொர்த் கடைகளில் 2 ஷில்லிங்குக்கு விற்றது. பையன்களின் கைச்செலவுக் காசுக்குள் வரலாறு வந்து சேர்ந்தது. பின்னாளில் ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றில் ‘மேட் இன் இந்தியா’ என்றும் அச்சாகியிருந்தது.

விமானங்களுக்கு 1:72 வந்ததற்குக் காரணம் எளிது. ஆறடி என்பது ஓர் அங்குலம். ஆறடி ஆள் ஓர் அங்குலம் நிற்பான். இந்தக் கணக்கைப் போர் தத்தெடுத்துக்கொண்டது. 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் 5,00,000 மர விமானங்கள் கேட்டது. நம் விமானம் எது, எதிரி விமானம் எது என்று வீரர்களுக்குக் காட்டிப் பழக்குவதற்காக. 1:72 மாடலை 35 அடி தள்ளிப் பிடித்தால், கிட்டத்தட்ட அரை மைலுக்கு அப்பால் வரும் நிஜ விமானம்போலக் கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இறக்கையின் வளைவு தப்பாக இருந்தால், எங்கோ ஒரு கப்பலில் பீரங்கிக்காரன் தன் ஆளையே சுட்டுவிடலாம்.

துல்லியம் அதிகமானாலும் ஆபத்து என்று நினைத்தவர்கள் உண்டு. 1961-ல் ரெவெல் நிறுவனம் அணுசக்தி நீர்மூழ்கி ஜார்ஜ் வாஷிங்டனை 2.98 டாலருக்கு விற்றபோது, கோடிக்கணக்கில் செலவழித்தாலும் கிடைக்காத ரகசியங்களை சோவியத்துகளுக்குச் சில்லறைக் காசுக்குக் கொடுத்துவிட்டார்களே என்று அட்மிரல் ஹைமன் ரிக்கோவர் கொதித்தார். 1986-ல் டெஸ்டர்ஸ் கம்பெனி, ரேடாரில் சிக்காத ரகசிய விமானம் இது என்று எஃப்-19 என்ற கிட்டை வெளியிட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. இரண்டு வருஷம் கழித்து நிஜ விமானத்தின் படம் வெளிவந்தபோது பெயரும் வேறு, உருவமும் வேறு. மாடலில் வளைவு வளைவாக இருந்த இடமெல்லாம் நிஜத்தில் வெட்டிவைத்த தட்டைப் பரப்புகள். ஆதாரமில்லாத இடத்தைக் கற்பனையால் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆட்டெலும்பில் ஒரு கப்பல்

பிளாஸ்டிக்குக்கு வெகுகாலம் முந்தைய கதை ஒன்று. 1797-ல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ அருகே நார்மன் கிராஸ் என்ற இடத்தில், போர்க் கைதிகளுக்கென்றே ஒரு முகாம் கட்டினார்கள். பிரான்ஸுடன் நடந்த போர்களில் பிடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வருஷக்கணக்கில் அடைபட்டிருந்தார்கள். அவர்களில் மாலுமிகள் உண்டு, தந்தம் செதுக்கும் ஊர்களிலிருந்து வந்த கைவினைஞர்களும் உண்டு. சமையலறையில் மிஞ்சிய ஆட்டெலும்பையும் மாட்டெலும்பையும் வேகவைத்து, வெளுக்க வைத்து, மெல்லிய பட்டைகளாக அறுத்து, மரத்தில் செய்த உடல் மீது பலகை பலகையாகப் பதித்தார்கள். பாய்மரக் கயிற்றுக்கு முடியும் பட்டு நூலும். சில கப்பல்களில் பின்பக்கத்துக் கயிற்றை இழுத்தால் பீரங்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போகும்.

முகாம் வாசலில் சந்தை கூடும். ஊர்க்காரர்கள் வந்து வாங்குவார்கள். அந்தக் காசில் கைதி ரொட்டியும் புகையிலையும் வாங்கிக்கொள்வான். கையில் வரைபடம் கிடையாது, அளவு நாடா கிடையாது. அதனால் இந்தக் கப்பல்களில் பீரங்கி பெரிதாக இருக்கும், பாய்மரம் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கும். கறாராகப் பார்த்தால் ஸ்கேல் மாடல் என்றே சொல்ல முடியாது. ஆனாலும் பாய்மரக் கயிறுகள் எந்தக் கப்பியில் புகுந்து எங்கே கட்டப்படும் என்பதில் அவர்கள் தடுமாறவில்லை. அந்தக் கயிறுகளை இழுத்துக் கை காய்ப்பேறியவர்கள் அல்லவா! பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இவர்களின் கைவேலைகள் பெரிய தொகுப்பாக இருக்கின்றன. 1,700-க்கும் மேற்பட்ட கைதிகள் அந்த முகாமிலேயே செத்தார்கள், பெரும்பாலும் நோயில்.

அதே காலத்து இன்னொரு கப்பலில் நமக்கும் தொடர்பு உண்டு. பம்பாயில் ஜம்சேத்ஜி பொமன்ஜி வாடியா தேக்கில் கட்டி, 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர் டிரிங்கோமலி. நம் திருகோணமலைதான். அதன் வரைபடத்தை இங்கிலாந்திலிருந்து முதலில் கொண்டுவந்த கப்பல் ஜாவா. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிட்யூஷன் அதை வீழ்த்தியது, வரைபடமும் போனது. மறுபடி நகல் வந்துசேர்ந்த பிறகே வேலை தொடங்கியது. இன்று டிரிங்கோமலி இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது, கான்ஸ்டிட்யூஷன் பாஸ்டனில். ரெவெல் கம்பெனியின் 1:96 கான்ஸ்டிட்யூஷனை ஒட்டுகிற எத்தனையோ பேருக்கு, அதன் பீரங்கிகள் பம்பாய்த் தச்சர்களின் வேலையைத் தள்ளிப்போட்ட கதை தெரியாது.

மெட்ராஸ் பணத்தில் ஒரு விமானம்

என் மேசையில் இப்போது இருப்பது 1:72 அளவில் ஒரு பௌல்டன் பால் டிஃபையன்ட். இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 16.6 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. விமானிக்குப் பின்னால் நான்கு துப்பாக்கிகள் பொருத்திய சுழலும் கூண்டு. முன்பக்கம் பார்த்துச் சுட ஒன்றுமில்லை. 1940 மே மாதம் டன்கர்க் வானத்தில் 264-வது ஸ்குவாட்ரன் இதைக்கொண்டு பெரிய வெற்றிகளை அறிவித்தது. ஆகஸ்டில் ஜெர்மானியர்கள் சுதாரித்துக்கொண்டு கீழிருந்தும் நேருக்கு நேராகவும் வந்தபோது சரமாரியாக விழுந்தது. பிறகு கறுப்புச் சாயம் பூசி இரவுக் காவலுக்கு அனுப்பினார்கள்.

அந்த ஸ்குவாட்ரனின் முழுப்பெயர் ‘264 மெட்ராஸ் பிரசிடென்சி’. போர் நிதி என்று சென்னை மாகாணத்தில் திரட்டிய பணத்துக்கு நன்றியாக வைத்த பெயர். மெட்ராஸ் என்ற பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்கள் வேறும் உண்டு. நம் தாத்தாக்களின் காசு எங்கே போனது என்று பள்ளிப் புத்தகத்தில் நான் படித்ததில்லை. இந்தச் சின்ன விமானத்தின் பக்கவாட்டில் ‘பிஎஸ்’ என்ற குறியெழுத்தைத் தேடிப் போனபோதுதான் தெரிந்துகொண்டேன்.

செய்யும்போது எதிர்ப்படும் கேள்விகளில் ஒன்றிரண்டைச் சொல்கிறேன். துப்பாக்கிக் கூண்டுக்கு முன்னும் பின்னும், காற்றைக் கிழிப்பதற்காக உடலோடு ஒட்டிய மேடுகள் இருக்கும். கூண்டு சுழல வேண்டுமென்றால் அவை காற்றழுத்தத்தில் கீழே இறங்கிக்கொள்ளும். ஆகவே துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்பிவைத்து மேட்டைத் தூக்கியே ஒட்டினால் அது நடக்காத காரியம். கறுப்பு என்றால் டப்பாவிலிருந்து எடுத்த கறுப்பை அப்படியே அடிக்கக் கூடாது. இவ்வளவு சின்ன உருவத்தில் அசல் கறுப்பு வெறும் நிழலாகத் தெரியும், மூட்டுக் கோடுகள் மறைந்துபோகும். கொஞ்சம் சாம்பல் கலக்க வேண்டும். கூண்டின் கண்ணாடியை சூப்பர் குளூ வைத்து ஒட்டினால் அதன் ஆவி பட்டு வெளுத்துவிடும். நம் ஊர் ஃபெவிகால் போதும், காய்ந்தால் தடமே தெரியாது. இரண்டு பாதி உடலும் சேரும் கோட்டில் பட்டி பார்த்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, விரல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் பள்ளம் நகத்தில் சிக்கும்.

இடுக்கியால் துப்பாக்கிக்காரரின் இருக்கையை உள்ளே வைக்கும்போது, அங்கே ஒரு மனிதன் எப்படி நுழைந்தான் என்பதே வியப்பாக இருக்கிறது. வெளியேறுவது இன்னும் கடினம். விமானம் தீப்பிடித்தால் விமானி குதித்துவிடலாம். கூண்டுக்குள் இருந்தவர்கள் பலர் விமானத்தோடே போனார்கள். இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்த இருக்கையின் அளவைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகு படித்தது வேறு மாதிரி உறைத்தது.

இந்தப் பொழுதுபோக்கின் மேல் சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டும் இங்கேதான் இருக்கிறது: கொலைக் கருவிகளை அழகு பார்க்கிறீர்கள், அதில் செத்தவர்கள் எங்கே? நியாயமான கேள்வி. ஜெர்மனியில் சட்டப்படி ஸ்வஸ்திகாவைக் காட்டக் கூடாது என்பதால், பெட்டிப் படத்திலிருந்தே அதை அழித்துவிடுகிறார்கள். விமானத்தின் வால் வெறுமையாக இருக்கும். எழுபதுகளில் ஃபிராக்கின் அச்சுகள் சோவியத் யூனியனுக்குக் கைமாறியபோது, ஜெர்மன், ஜப்பானிய விமானங்களின் அச்சுகளை அவர்கள் ஏற்கவில்லை. இரண்டுக்கும் பின்னால் உண்மையான ரணங்கள் இருக்கின்றன, நான் அவற்றை மதிக்கிறேன். ஆனால் ஸ்வஸ்திகா இல்லாத நாஜி விமானத்தை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கு, அது யாருக்காகப் பறந்தது என்பதை வேறு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதற்கு நல்ல மாடலர்கள் கண்டிருக்கும் வழி, குறிப்பிட்ட ஒரு வண்டியைத் தேர்ந்தெடுப்பது. வெறும் செஞ்சுரியன் டாங்கி என்றால் அது இரும்பு. இந்திய-பாகிஸ்தான் போரில், 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் போர்க்களத்தில், தீப்பிடித்த டாங்கியை விட்டு இறங்க மறுத்து உயிர்விட்ட 21 வயது அருண் கேத்தர்பாலின் ‘ஃபாமகுஸ்தா’ என்றால் அதில் ஒரு பெயரும் ஒரு நாளும் சேர்ந்துவிடுகிறது. அந்த டாங்கி இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

நம் கப்பல் எப்படி இருந்தது?

கைவினைக் கடைகளில் சோழர் போர்க்கப்பல் என்று ஒன்றை விற்கிறார்கள். முகப்பில் புலித்தலை, நான்கைந்து பாய்கள், பார்க்கக் கம்பீரமாக இருக்கும். எனக்கு அதைப் பார்த்தால் வருத்தம்தான் வருகிறது. ராஜேந்திர சோழனின் படை கடல் கடந்து போனதற்குக் கல்வெட்டு இருக்கிறது. போன கப்பலின் ஒரு பலகைகூட நம் கையில் இல்லை. எத்தனை பாய்மரம், பலகைகளைக் கயிற்றால் தைத்தார்களா ஆணி அடித்தார்களா, சுக்கான் எந்தப் பக்கம் என்று மாடல் செய்பவர் வரிசையாகக் கேட்டால், முதல் கேள்வியிலேயே நாம் நின்றுவிடுவோம்.

ஆதாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அழகன்குளம் அகழாய்வில் கப்பல் கீறிய பானையோடு கிடைத்தது. சாதவாகனர் காசில் இரட்டைப் பாய்மரக் கப்பல் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்தின் உள்சுவரில், குதிரைகளோடு வரும் கப்பலை நாயக்கர் காலத்து ஓவியர் தீட்டிவைத்திருக்கிறார். கேரளத்தின் கடக்கரப்பள்ளியில் மண்ணுக்கடியிலிருந்து 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள பழைய மரக்கலமே கிடைத்திருக்கிறது. ஸ்வீடனில் 1628-ல் மூழ்கிய வாசா கப்பலை 1961-ல் தூக்கியபோது அது நீலம் பூசிய கப்பல் என்றுதான் நினைத்தார்கள். சிற்பங்களில் ஒட்டியிருந்த சாயத்துணுக்குகளைப் பல வருஷம் ஆராய்ந்த பிறகு அடித்தளம் சிவப்பு என்று தெரிந்தது. அருங்காட்சியகத்திலுள்ள 1:10 மாடல் இன்று சிவப்பில் நிற்கிறது. முழுக் கப்பல் கையில் இருந்தும் அவர்களுக்கு அத்தனை காலம் பிடித்தது. நாம் புலித்தலையை ஒட்டி அவசரமாக முடித்துவிட்டோம்.

நிஜமாகச் செய்யக்கூடிய தமிழ்க் கப்பல் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி. 89 அடி நீளம், இரட்டைப் பாய்மரம். அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். தமிழ் மாலுமிகளே அதை ஓட்டிச் சென்று, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. புகைப்படங்கள் இருக்கின்றன. வல்வெட்டித்துறை மேஸ்திரிகளின் கைமுறை அந்தப் படங்களில் உடலின் வளைவாகவும் பாய்மரச் சாய்வாகவும் பதிந்திருக்கிறது.

எந்தக் கம்பெனியும் இதற்குக் கிட் போடாது. முதலிலிருந்து மரத்தில்தான் செய்ய வேண்டும்: ஏரா என்னும் அடிமரம், அதன்மேல் வங்குகள் என்னும் விலா மரங்கள், வங்குமேல் பலகை. 1:72 அளவில் ஒன்றேகால் அடிக்குக் கொஞ்சம் குறையும். பாய்மர உயரத்தைப் படத்தில் நிற்கும் மாலுமியின் உயரத்தை வைத்துக் கணக்கிடலாம். தளத்தில் அடுப்பு எங்கே இருந்தது, நீர்ப்பீப்பாய் எங்கே, படுக்கை எங்கே என்பதையெல்லாம் வல்வெட்டித்துறையிலும், அங்கிருந்து உலகெங்கும் சிதறிப்போன கப்பலோட்டிக் குடும்பங்களிலும், பழைய ஆல்பம் வைத்திருக்கும் பெரியவர்களிடமும் இப்போதே போய்க் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.